முதுநிலை ஆங்கில ஆசிரியர் தேர்வு: விண்ணப்பம் முதல் சான்றிதழ் சரிபார்ப்பு வரை

தமிழ்நாட்டில் அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் நடத்தும் முதுநிலை ஆசிரியராக வேண்டுமானால், ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் எழுத்துத் தேர்வைத் தாண்டியாக வேண்டும். நேர்முகத் தேர்வு கிடையாது. நீங்கள் எவ்வளவு நன்றாகப் பாடம் நடத்துவீர்கள் என்பதை யாரும் வந்து பார்க்கப் போவதில்லை. கவிதையைப் புரிந்துகொள்ளும் திறனையும் மொழி கற்பிக்கும் முறைகள் பற்றிய அறிவையும் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களாகவே கேட்கிறார்கள். இது சரியான அளவுகோலா என்று டீக்கடையில் உட்கார்ந்து எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் பேசலாம். தேர்வை எழுதி வேலையில் சேர்ந்த பிறகு பேசுவது இன்னும் சுகம்.

இந்தத் தேர்வுக்குப் படித்தபோது எனக்கு வழிகாட்ட ஆள் கிடைக்கவில்லை. கிடைத்தவர்களும் ஆளுக்கொன்று சொன்னார்கள். கீழே தரும் விவரங்கள் 2025 ஜூலையில் வெளியான அறிவிப்பை ஒட்டியவை. அடுத்த அறிவிப்பில் கட்டணம், வயது, பாடத்திட்டம் எதுவும் மாறலாம். அறிவிப்பு வந்த அன்றே அதை முழுதாக அச்செடுத்து, கையில் பென்சிலோடு படியுங்கள்.

1. தகுதி: பட்டத்தில் அச்சாகியிருக்கும் பெயரைப் பாருங்கள்

முதுநிலைப் பட்டத்தில் குறைந்தது 50 சதவீத மதிப்பெண்ணும் பி.எட். பட்டமும் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். பலர் கவனிக்காமல் விடுவது இன்னொன்று: இளநிலையும் முதுநிலையும் ஒரே பாடத்தில் இருக்க வேண்டும், அல்லது அரசு இணையானது என்று ஏற்ற பாடத்தில் இருக்க வேண்டும். பி.ஏ. வரலாறு படித்துவிட்டு அஞ்சல் வழியில் எம்.ஏ. ஆங்கிலம் முடித்தவர்கள் இந்த இடத்தில்தான் தடுக்கப்படுகிறார்கள்.

உங்கள் பட்டச் சான்றிதழில் வெறும் ‘ஆங்கில இலக்கியம்’ என்று இல்லாமல் ‘ஃபங்ஷனல் இங்கிலீஷ்’, ‘கம்யூனிகேட்டிவ் இங்கிலீஷ்’ என்றோ, கூடவே கணினிப் பயன்பாட்டையும் சேர்த்தோ அச்சாகியிருந்தால், அது பி.ஏ. ஆங்கிலத்துக்கு இணை என்று சொல்லும் அரசாணை இருக்கிறதா என்று இப்போதே தேடுங்கள். கல்லூரி அலுவலகத்தில் கேட்டால் பெரும்பாலும் அரசாணை எண்ணாவது கிடைக்கும். சரிபார்ப்புக்கு அழைத்த பிறகு தேடத் தொடங்கினால் நேரம் போதாது.

வயது வரம்பு 2025 அறிவிப்பில் பொதுப் பிரிவுக்கு 53, மற்ற பிரிவினருக்கு 58. நாற்பதைத் தாண்டியவர்கள் தயங்க வேண்டியதில்லை. தகுதித் தேர்வான டெட் இந்தப் பணிக்குத் தேவையில்லை. அது இடைநிலை ஆசிரியர்களுக்கும் பட்டதாரி ஆசிரியர்களுக்கும் உரியது. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு டெட் புத்தகங்களைச் சுமந்து திரிபவர்கள் ஒவ்வொரு முறையும் இருக்கிறார்கள்.

2. விண்ணப்பமும் செலவும்

வாரியத்தின் இணையதளம் வழியாக மட்டுமே விண்ணப்பிக்க முடியும். 2025இல் கட்டணம் 600 ரூபாய். பட்டியல் சாதியினர், அருந்ததியர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு 300 ரூபாய். ஜூலை 10 முதல் ஆகஸ்ட் 12 வரை விண்ணப்பிக்க நேரம் இருந்தது. ஒரு மாதம் தாராளமாகத் தெரியும். கடைசி இரண்டு நாளில் இணையதளம் படுத்துவிட்டால் அந்தத் தாராளத்தால் ஒரு பயனும் இல்லை.

உட்காரும் முன் இவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: புகைப்படம், கையெழுத்து ஆகியவற்றின் கோப்புகள், சாதிச் சான்றிதழ், எல்லா மதிப்பெண் பட்டியல்களும், பட்டங்கள் வாங்கிய மாதமும் ஆண்டும். மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் உங்களுடையதாக, இன்னும் ஓராண்டுக்காவது கைவிடாததாக இருக்கட்டும். பிரவுசிங் சென்டர்காரரின் மின்னஞ்சலைக் கொடுத்துவிட்டு, ஹால் டிக்கெட் வந்ததா என்று அவர் கடை வாசலில் நிற்பவர்கள் இன்றும் உண்டு.

பெண்கள் கவனிக்க: சாதிச் சான்றிதழ் தந்தையின் பெயரில் இருக்க வேண்டும், கணவர் பெயரில் இருந்தால் ஏற்க மாட்டார்கள். பழைய அட்டைச் சான்றிதழ் எழுத்து மங்கியிருந்தால் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துப் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். கட்டணம் அதிகமில்லை, ஆனால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று கோப்பு நகர்ந்து வர நாளாகும்.

பெயரின் முன்னெழுத்து எல்லாச் சான்றிதழிலும் ஒன்றுபோல் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பத்தாம் வகுப்பில் ஒரு முன்னெழுத்து, பட்டத்தில் இரண்டு என்றிருந்தால் பின்னால் விளக்கம் கேட்பார்கள்.

பெரிய செலவு பயிற்சி மையம்தான். அங்கே சேர்வது தவறு என்று சொல்ல மாட்டேன். வாராவாரம் மாதிரித் தேர்வு எழுதும் பழக்கம் அங்கே கிடைக்கும். ஆனால் அவர்கள் தரும் குறிப்பேட்டை வேதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் பார்த்த ஒரு குறிப்பேட்டில், திறனாய்வுக் கலைச்சொல்லான ‘இன்டென்ஷனல் ஃபேலசி’க்குரிய விளக்கம் ‘அஃபெக்டிவ் ஃபேலசி’க்கும், இதற்குரியது அதற்குமாக இடம்மாறி அச்சாகியிருந்தது. வகுப்பே அதை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டிருந்தது. மாதிரித் தேர்வுகளுக்கு மட்டும் பணம் கட்ட வழியிருந்தால் அதுவே போதும்.

3. வினாத்தாளில் எதற்கு எவ்வளவு

தேர்வு இரண்டு பகுதிகள். முதலில் கட்டாயத் தமிழ்: 30 வினாக்கள், 50 மதிப்பெண், அரை மணி நேரம். அடுத்து முதன்மைத் தாள்: 150 வினாக்கள், 150 மதிப்பெண், மூன்று மணி நேரம். இந்த 150இல் ஆங்கிலப் பாடம் 110, கல்வியியல் 30, பொது அறிவு 10. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை.

முதன்மைத் தாளில் 75 எடுத்தால் குறைந்தபட்சத் தேர்ச்சி. பட்டியல் சாதியினருக்கு 45 சதவீதம், பழங்குடியினருக்கு 40 சதவீதம். இந்த 75ஐ இலக்காக வைத்துக்கொண்டு படிக்காதீர்கள். தேர்ச்சி வேறு, வேலைக்குத் தேர்வானவர்களில் கடைசி ஆள் எடுத்த மதிப்பெண்ணான கட்-ஆஃப் வேறு. வேலை கட்-ஆஃபுக்கு மேலே இருப்பவர்களுக்குத்தான்.

150 வினாவுக்கு 180 நிமிடம் என்றால் ஒரு வினாவுக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். ஆசிரியர் பெயர், ஆண்டு கேட்கும் வினாக்களைப் பத்து விநாடியில் முடித்தால்தான், கவிதை வரிகளைக் கொடுத்துப் பொருள் கேட்கும் வினாவுக்கு இரண்டு நிமிடம் மிஞ்சும்.

4. தமிழ்த் தாள்: ஆங்கிலக்காரர்கள் தடுக்கி விழும் இடம்

தமிழில் 50க்கு 20 எடுக்காவிட்டால் உங்கள் முதன்மைத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். அதில் நீங்கள் 130 எடுத்திருந்தாலும் யாருக்கும் தெரியப் போவதில்லை. தமிழ் மதிப்பெண் தரவரிசையில் சேராது என்பதால் பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். பத்தாம் வகுப்புத் தரம்தானே என்ற அலட்சியமும் சேர்ந்துகொள்கிறது. கல்லூரியில் ஐந்தாண்டு ஆங்கிலமே படித்தவர்களுக்கு வல்லினம் மிகும் இடமும் ஆகுபெயரும் மறந்திருக்கும் என்பதை ஒப்புக்கொள்ளுங்கள்.

பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலை இணையத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். தினமும் இரவில் அரை மணி நேரம் இலக்கணப் பகுதி, நூலாசிரியர் குறிப்பு, சொல்லும் பொருளும். இதற்கு மேல் செலவழிக்க வேண்டாம். இதற்குக் குறைக்கவும் வேண்டாம்.

5. இலக்கியம்: குறிப்பேட்டை மூடிவிட்டுக் கவிதையைப் படியுங்கள்

பாடத்திட்டம் சாசரில் தொடங்கி, ஷேக்ஸ்பியர், ரொமான்டிக் கவிஞர்கள், விக்டோரியர்கள், இருபதாம் நூற்றாண்டு, அமெரிக்க இலக்கியம், இந்திய ஆங்கில இலக்கியம், திறனாய்வு என்று விரிகிறது. இதைப் பார்த்ததும் எல்லோரும் செய்வது, ஒவ்வொரு படைப்புக்கும் பத்து வரிச் சுருக்கம் எழுதி உருப்போடுவது. ஆசிரியர், ஆண்டு, பாத்திரம் கேட்கும் வினாக்களுக்கு அது உதவும். பொருள் காணும் வினாவில் அது உங்களைக் கைவிடும். அங்கே நான்கு விடைகளும் அந்தப் படைப்போடு ஏதோ ஒரு வகையில் தொடர்புடையவையாகவே இருக்கும்.

பிரௌனிங்கின் ‘மை லாஸ்ட் டச்சஸ்’ கவிதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1842இல் வெளியானது, ஒரு பாத்திரம் மட்டுமே இன்னொருவரிடம் பேசும் டிராமாடிக் மோனோலாக் வகை. இவ்வளவும் குறிப்பேட்டில் இருக்கும். பேசுகிறவனான டியூக்கின் குரலில் மேலோங்கி நிற்பது எது என்று வினா வருகிறது. துயரம், குற்ற உணர்வு, உடைமை உணர்வு, பணிவு என்று நான்கு விடைகள். இறந்துபோன மனைவியின் ஓவியத்தைப் பார்த்துப் பேசுகிறான் என்பது மட்டும் நினைவிருந்தால் துயரத்தைத் தேர்ந்தெடுத்துவிடுவீர்கள். கவிதையைப் படித்திருந்தால் அவன் செய்வதெல்லாம் கண்ணில் நிற்கும். ஓவியத்தை மூடியிருக்கும் திரையைத் தன்னைத் தவிர வேறு யாரும் விலக்குவதில்லை என்கிறான். எல்லோரையும் பார்த்து அவள் சிரித்ததைக் குறையாகச் சொல்கிறான். தான் ஆணையிட்டதும் அந்தச் சிரிப்பெல்லாம் நின்றுபோயின என்று, வானிலையைப் பற்றிப் பேசுவதுபோலச் சொல்லிக் கடக்கிறான். கேட்டுக்கொண்டிருப்பவன் அடுத்த கல்யாணப் பேச்சுக்காக வந்த தூதன். கிளம்பும்போது, கடல்குதிரையை அடக்கும் நெப்டியூனின் வெண்கலச் சிலையைக் காட்டி, அதுவும் தனக்காகவே வார்க்கப்பட்டது என்கிறான். மனைவியும் சிலையும் அவனுக்கு ஒரே பட்டியலில் இருக்கின்றன. விடை உடைமை உணர்வு. பணிவு என்ற விடை பொறி. அவன் பேச்சு மரியாதையாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த மரியாதைக்குள் இருப்பது அதிகாரம்.

இந்த ஒரு கவிதையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. பேசுகிறவன் வேறு, கவிஞன் வேறு; டியூக் சொல்வதை பிரௌனிங் ஏற்கிறார் என்று ஒரு விடை இருந்தால் அதை முதலிலேயே அடித்துவிடுங்கள். அடுத்தது, தொனியைக் கேட்கும் வினாவுக்குக் கதைச் சுருக்கம் விடையாகாது.

வினா எதைக் கேட்கிறது என்பதிலும் கண் வேண்டும். மார்வெல்லின் ‘டு ஹிஸ் காய் மிஸ்ட்ரஸ்’ பற்றி ‘கார்பே டியெம்’ (இன்றைய பொழுதைப் பற்றிக்கொள்) என்றும் ‘சிலாஜிசம்’ (படிப்படியான தர்க்க வாதம்) என்றும் இரண்டு விடைகள் தந்தால் இரண்டுமே அந்தக் கவிதைக்குப் பொருந்தும். கருப்பொருளைக் கேட்டால் முதலாவது. அமைப்பைக் கேட்டால் இரண்டாவது: நேரம் இருந்தால், ஆனால் இல்லையே, ஆகவே என்று மூன்று பத்திகளில் வாதம் நகர்கிறது. கவிதை தெரிந்தவர்களும் வினாவின் முதல் வரியை அவசரமாகத் தாண்டி மதிப்பெண்ணை இழப்பது இப்படிப்பட்ட இடங்களில்தான்.

இந்தியக் கவிதைகளில் நிஸிம் எசக்கியலின் ‘நைட் ஆஃப் தி ஸ்கார்ப்பியன்’ பள்ளியிலேயே படித்ததுதானே என்று விட்டுவிடுவோம். மூடநம்பிக்கையைச் சாடும் கவிதை என்று ஒரு விடை கொடுத்தால் கை தானாகப் போகும். பகுத்தறிவு பேசும் தந்தையும் அன்றிரவு பொடி, மூலிகை, மந்திரம் என்று எதையும் விட்டுவைக்கவில்லை, தாயைத் தேள் கொட்டிய கால்விரலில் மண்ணெண்ணெய் ஊற்றித் தீயும் வைக்கிறார் என்பது நினைவிருந்தால் கை நிற்கும். கிராமத்தாரைக் கவிதை கேலியாக மட்டும் பார்க்கவில்லை. தேள் தன் பிள்ளைகளை விட்டுத் தன்னைக் கொட்டியதற்குக் கடவுளுக்கு நன்றி சொல்லும் தாயின் கடைசிச் சொல்லுக்குப் பிறகு யார் பக்கம் நிற்பது என்று முடிவு செய்வது அவ்வளவு சுலபமில்லை.

திறனாய்வுப் பகுதிக்கு மட்டும் அட்டவணை போடலாம். அதிலும் கலைச்சொல், சொன்னவர், ஆண்டு என்ற மூன்று பத்தி போதாது. யாரை அல்லது எதை மறுத்துச் சொன்னார் என்று நான்காவது பத்தி சேருங்கள். எலியட்டின் ‘அப்ஜெக்டிவ் கோரிலேட்டிவ்’ 1919இல் ஹாம்லெட் பற்றிய கட்டுரையில் வருகிறது. அந்த நாடகத்தில் உணர்ச்சிக்கு ஈடான புறச்சூழல் அமையவில்லை என்பது அவர் குற்றச்சாட்டு. சிந்தனையும் உணர்ச்சியும் பிரிந்துபோனதைச் சொல்லும் ‘டிஸோசியேஷன் ஆஃப் சென்ஸிபிலிட்டி’ 1921இல் மெட்டாஃபிசிகல் கவிஞர்கள் பற்றிய கட்டுரையில் வருகிறது. இரண்டையும் ஒரே கட்டுரைக்குத் தூக்கிக் கொடுப்பது வழக்கமான பிழை. ஐயத்தோடும் புதிரோடும் அமைதியாக இருக்க முடிவதைக் குறிக்கும் ‘நெகட்டிவ் கேப்பபிலிட்டி’ கீட்ஸ் 1817 டிசம்பரில் எழுதிய கடிதத்தில் இருக்கிறது, கவிதையில் இல்லை. ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் 1929இல் சொன்ன நான்கு வகைப் பொருள்: சென்ஸ், ஃபீலிங், டோன், இன்டென்ஷன். அவருடைய மாணவர் எம்ப்சன் 1930இல் சொன்ன ஆம்பிகுவிட்டி (பலபொருள்படுதல்) வகைகள் ஏழு. நான்கும் ஏழும் இடம் மாறக் கூடாது. விம்சாட்டும் பியர்ட்ஸ்லியும் எழுதிய இரண்டு கட்டுரைகளில் 1946இல் வந்த ‘இன்டென்ஷனல் ஃபேலசி’ ஆசிரியரின் நோக்கத்தை அளவுகோலாக்குவதை மறுக்கிறது. 1949இல் வந்த ‘அஃபெக்டிவ் ஃபேலசி’ வாசகரிடம் எழும் உணர்ச்சியை அளவுகோலாக்குவதை மறுக்கிறது.

6. கற்பித்தல் முறைகள்: பெயரை விட்டு வகுப்பறையைப் பாருங்கள்

இலக்கியம் நன்றாகத் தெரிந்தவர்கள் மதிப்பெண்ணைக் கொட்டிவிட்டு வருவது இங்கேதான். பி.எட். முடித்ததும் இந்தப் பாடத்தை மூட்டை கட்டிவிடுவோம் அல்லவா.

எட்வர்ட் ஆந்தனி 1963இல் வகுத்த மூன்று அடுக்கில் தொடங்குங்கள். அப்ரோச் என்பது மொழி பற்றியும் கற்றல் பற்றியுமான நம்பிக்கை. மெத்தட் அந்த நம்பிக்கையின் மேல் கட்டிய ஒட்டுமொத்தத் திட்டம். டெக்னிக் வகுப்பறையில் நடக்கும் செயல். பின்னால் ரிச்சர்ட்ஸும் ராட்ஜர்ஸும் இதை மாற்றி, மெத்தட் என்பதையே குடைச்சொல்லாக வைத்து, அதன்கீழ் அப்ரோச், டிசைன், புரொசீஜர் என்று பிரித்தார்கள். டெக்னிக்கும் புரொசீஜரும் ஒரே வினாவில் விடைகளாக வந்தால், யாருடைய வகைப்பாட்டைக் கேட்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். இந்த ரிச்சர்ட்ஸ் வேறு, மேலே சொன்ன ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் வேறு என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு முறைக்கும் ஒரு வகுப்பறைக் காட்சியை மனத்தில் வைத்துக்கொள்வதே நல்ல வழி. ஆசிரியர் பெரும்பாலும் வாயைத் திறக்காமல் வண்ணக் குச்சிகளை எடுத்து வைக்கிறார்: காட்டேன்யோவின் சைலன்ட் வே. மெல்லிய இசை, சாய்ந்துகொள்ள வசதியான இருக்கை: லொசானவின் சஜஸ்டோபீடியா. மாணவர்கள் வட்டமாக உட்கார்ந்து தாய்மொழியில் சொல்ல, ஆசிரியர் பின்னால் நின்று ஆங்கிலத்தில் எடுத்துக் கொடுக்கிறார்: கரனின் கம்யூனிட்டி லாங்வேஜ் லேர்னிங். ‘எழுந்திரு, கதவைத் திற’ என்ற கட்டளைக்கு உடல் அசைகிறது: ஆஷரின் டோட்டல் ஃபிசிகல் ரெஸ்பான்ஸ்.

நம் வகுப்பறைகளோடு நெருங்கிய பைலிங்குவல் மெத்தட்தான் அதிகம் குழப்புகிறது. டாட்சன் 1967இல் முன்வைத்தது. தமிழ் கேட்டதும் கிராமர் டிரான்ஸ்லேஷன் என்று குறித்துவிடுகிறார்கள். வித்தியாசம் இதுதான்: பைலிங்குவல் முறையில் தாய்மொழியைப் பயன்படுத்துபவர் ஆசிரியர் மட்டும். ஆங்கில வாக்கியத்தைச் சொல்லி, அதன் பொருளைத் தமிழில் ஒருமுறை உணர்த்திவிட்டு, பிறகு மாணவர்களை ஆங்கிலத்திலேயே பயிற்சி செய்ய வைப்பார். மாணவர்கள் மொழிபெயர்ப்பதில்லை. கிராமர் டிரான்ஸ்லேஷனில் மாணவர்களுடைய வேலையே மொழிபெயர்ப்புதான். விதியைச் சொல்லிக்கொடுத்து, பத்தியைப் பெயர்க்கச் சொல்வார்கள். டைரக்ட் மெத்தடில் தாய்மொழிக்கு இடமே இல்லை. இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, தாய்மொழியை யார் பேசுகிறார் என்ற ஒரே கேள்வியால் பிரித்துப் பாருங்கள்.

பிரபுவின் பெங்களூர் புராஜெக்ட் 1979 முதல் 1984 வரை நடந்தது. பெயர் பெங்களூர் என்றாலும் சென்னையிலும் வகுப்புகள் நடந்தன. டாஸ்க் அடிப்படையிலான கற்பித்தலுக்கு முன்னோடி. அதில் வரும் மூன்று வகை டாஸ்க்குகளை எடுத்துக்காட்டோடு தெரிந்துகொள்ளுங்கள். ஒருவரிடம் உள்ள தகவல் இன்னொருவருக்குப் போவது இன்ஃபர்மேஷன் கேப். வகுப்புகளின் கால அட்டவணைகளைக் கொடுத்து, அவற்றிலிருந்து ஓர் ஆசிரியரின் கால அட்டவணையைக் கண்டறியச் சொல்வது ரீசனிங் கேப். கதையை முடித்து வைக்கச் சொல்வது, ஒரு விவகாரத்தில் தன் கருத்தைச் சொல்லச் சொல்வது ஒப்பினியன் கேப். பிரபு இவற்றில் அதிகம் நம்பியது ரீசனிங் கேப்.

மொழியின் இலக்கண அறிவைக் குறிக்கும் சாம்ஸ்கியின் காம்பிடென்ஸ் என்ற கருத்தை விரித்து, சூழலுக்கேற்ப மொழியைப் பயன்படுத்தும் திறனையும் சேர்த்து ஹைம்ஸ் கம்யூனிகேட்டிவ் காம்பிடென்ஸ் என்றார். 1980இல் கனேலும் ஸ்வெயினும் அதை கிராமட்டிகல், சோஷியோலிங்குவிஸ்டிக், ஸ்டிராட்டஜிக் என மூன்றாகப் பிரித்தார்கள். டிஸ்கோர்ஸ் என்ற நான்காவதை 1983இல் கனேல் சேர்த்தார். வினாவில் 1980 என்று ஆண்டு இருந்தால் மூன்று. இரண்டாம் மொழி கற்பது பற்றிய கிராஷனின் ஐந்து கருதுகோள்கள், குமரவடிவேலுவின் போஸ்ட்மெத்தட் சிந்தனையில் வரும் பர்டிகுலாரிட்டி, பிராக்டிகாலிட்டி, பாஸிபிலிட்டி ஆகிய மூன்று அளவுகோல்கள் இவற்றையும் விடாதீர்கள்.

தேர்வு வைப்பது பற்றியும் இந்தத் தேர்வில் கேட்பார்கள். அளக்க வேண்டியதை அளக்கிறதா என்பது வேலிடிட்டி. திரும்ப வைத்தாலும் ஏறத்தாழ அதே முடிவு வருமா என்பது ரிலையபிலிட்டி. நடத்திய பாடத்திலிருந்து கேட்பது அச்சீவ்மென்ட் டெஸ்ட், எந்தப் பாடத்தையும் சாராமல் மொழித்திறனை அளப்பது புரொஃபிஷியன்சி டெஸ்ட். தேர்வு வகுப்பறையைத் திருப்பித் தாக்குவது வாஷ்பேக். ‘பரீட்சைக்கு வராது, விட்டுவிடுங்கள் சார்’ என்று மாணவன் சொல்வது அதன் அன்றாட வடிவம்.

7. மொழியியல், கல்வியியல், பொது அறிவு

ஒலியியலில் மதிப்பெண் சுலபம். பிரிட்டனின் தர உச்சரிப்பான ஆர்.பி.யில் 44 ஒலியன்கள்: 24 மெய், 20 உயிர், உயிரில் 12 மோனோஃப்தாங் (தனி உயிரொலி), 8 டிஃப்தாங் (ஈருயிரொலி). ஒவ்வொரு மெய்யொலிக்கும் எழும் இடம், எழும் விதம், குரலொலி உண்டா இல்லையா என்ற மூன்றையும் வாயில் சொல்லிப் பார்த்துப் படியுங்கள். தொண்டையில் விரலை வைத்துப் பார்த்தால் அதிர்வு தெரியும். தேர்வறையிலும் இதைச் செய்யத் தடையில்லை.

கல்வியியலின் 30 மதிப்பெண், மற்ற பாடக்காரர்களும் படிக்கும் பகுதி. பியாஜே, வைகாட்ஸ்கி, புரூனர், ஸ்கின்னர், மாஸ்லோ, ப்ளூம் என்று பழகிய பெயர்கள்தாம். கற்றல் நோக்கங்களை அடுக்கும் ப்ளூமின் 1956 வரிசையும் 2001இல் திருத்திய வரிசையும் ஒன்றல்ல: திருத்திய வரிசையில் உச்சியில் இருப்பது படைத்தல், மதிப்பிடுதல் அதற்குக் கீழ். பி.எட். புத்தகமே போதும், புதிதாக வாங்காதீர்கள். பொது அறிவின் பத்து மதிப்பெண்ணுக்கு நாளிதழ் படிப்பதைத் தவிரத் தனியாக உழைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

8. தேர்வு நாள்

2025 தேர்வு முதலில் செப்டம்பர் 28 என்று அறிவிக்கப்பட்டு, அக்டோபர் 12க்கு மாறியது. அதனால் ரயில் டிக்கெட், விடுப்பு எதையும் முதல் தேதியை நம்பி உறுதி செய்யாதீர்கள். ஹால் டிக்கெட்டை இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். அசல் அடையாள அட்டையும் கறுப்பு பால்பாயின்ட் பேனா இரண்டும் வேண்டும். ஹால் டிக்கெட்டில் அச்சிட்டிருக்கும் வாயில் மூடும் நேரத்தைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். தேர்வு தொடங்கும் நேரம் அதற்குப் பின்னால்தான் வரும்.

ஓ.எம்.ஆர். தாளில் விடைகளைக் கடைசியில் மொத்தமாக நிரப்பலாம் என்ற யோசனை வேண்டாம். இருபது இருபதாக நிரப்புங்கள். தெரியாத வினாவைத் தாண்டும்போது விடைத்தாளிலும் அந்த எண்ணைத் தாண்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். மதிப்பெண் குறைப்பு இல்லை என்பதால் எதையும் காலியாக விடாதீர்கள்.

9. ஆன்சர் கீ வந்ததும்

தற்காலிக ஆன்சர் கீ வெளியான பிறகு, மறுப்புத் தெரிவிக்கச் சில நாள் அவகாசம் தருவார்கள். இணையம் வழியாக மட்டுமே அனுப்ப வேண்டும். இலக்கிய வினாக்களில் இது வீண் வேலையல்ல. இரண்டு விடைகள் பொருந்தும் வினாக்கள் அவ்வப்போது வந்துவிடுகின்றன. ஆனால் ‘என் வாசிப்பின்படி’ என்று எழுதினால் யாரும் பார்க்க மாட்டார்கள். தரமான நூலின் தலைப்புப் பக்கமும் உரிய பக்கமும் சான்றாக வேண்டும். கைடு, பயிற்சி மையக் குறிப்பு இரண்டும் செல்லாது. படிக்கும்போதே எந்தத் தகவலை எந்த நூலின் எந்தப் பக்கத்தில் பார்த்தீர்கள் என்று ஓரத்தில் எழுதி வைத்திருந்தால் இந்தச் சில நாளில் நூலகம் நூலகமாக அலைய வேண்டாம்.

10. சான்றிதழ் சரிபார்ப்பு

சரிபார்ப்புக்குக் காலியிடங்களைவிடக் கூடுதலான பேரைத்தான் அழைப்பார்கள். ஆகவே அழைப்பு வந்ததுமே, இப்போதிருக்கும் தனியார் பள்ளி வேலையை விட்டுவிடாதீர்கள்.

கோப்பில் இந்த வரிசையில் அடுக்குங்கள்: பத்து, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், இளநிலை, முதுநிலை, பி.எட். மூன்றுக்கும் பட்டச் சான்றிதழும் ஒட்டுமொத்த மதிப்பெண் பட்டியலும், சாதிச் சான்றிதழ், நடத்தைச் சான்று, தேவைப்படுவோருக்கு இணைத்தன்மை அரசாணை, ஏற்கெனவே அரசுப் பணியில் இருப்பவர்களுக்குத் தடையின்மைச் சான்று, முன்னுரிமை கோருபவர்களுக்கு அதற்கான சான்று. எல்லாவற்றுக்கும் அசலும், சான்றொப்பமிட்ட நகல்களும். நகல் எத்தனை என்று அழைப்பில் இருக்கும். ஒன்று கூடுதலாகவே கொண்டுபோங்கள்.

பட்டமளிப்பு விழாவுக்குப் போகாமல் புரொவிஷனலோடு காலம் தள்ளிக்கொண்டிருப்பவர்கள் பல்கலைக்கழகத்துக்கு இன்றே விண்ணப்பியுங்கள். தொலைதூரக் கல்வி நிறுவனமாக இருந்தால் இன்னும் தாமதமாகும். பட்டம் வாங்கிய தேதி, அறிவிப்பு குறிப்பிடும் கடைசித் தேதிக்குள் இருக்கிறதா என்பதைத்தான் மேசையில் இருப்பவர் முதலில் பார்ப்பார். நடத்தைச் சான்றைக் கடைசியாகப் படித்த கல்லூரியில் வாங்க வேண்டியிருந்தால், கோடை விடுமுறையில் முதல்வர் அறை பூட்டியிருக்கும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டு முன்னதாகவே போய் வாங்கிவிடுங்கள்.